கடைசியாகத் தூக்கியவன்

"ஹலோ… ஹலோ, ஷர்மி? … இரு, இரு, வெச்சிடாத. கலவ மிக்சர் சத்தம், ஒண்ணும் கேக்கல. இந்தாண்ட வந்துடறேன். … ஆங், சொல்லு. நேத்துலேர்ந்து அடிச்சிகினே கீறேன், எடுக்கவே மாட்ற. … தெரியும், தெரியும், குன்றத்தூர் வந்துட்டன்னு உங்கம்மா சொன்னாங்க. தியேட்டர் வாசல்ல நிக்க வெச்சிட்டு வண்டிய எடுத்துகினு வர்றதுக்குள்ள பஸ் ஏறிப் போறவ எங்கனா உண்டா?"

செம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்கு அன்று தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டால் கடைசி மூலை வரைக்கும் கை ஓயக் கூடாது. நடுவில் விட்டு மறுபடி தொடங்கினால் அந்த ஒட்டு வழியாகத்தான் பிற்பாடு மழைத்தண்ணீர் வீட்டுக்குள் இறங்கும். பூவராகன் ஒரு கையில் கொத்துக் கரணையும் ஒரு கையில் போனுமாக விளிம்பில் போய்க் குந்தினான். மேஸ்திரி சவுரிமுத்து அங்கிருந்தே முறைத்தார்.

"இன்னாது? … நான் சிரிச்சதுக்கா? அதுக்கா இவ்ளோ பேஜாரு? … ஷர்மி, படம் அப்பிடி கீது, நான் இன்னா பண்றது. … இல்ல, நீ கேளு. பொட்டல் காட்டுல ஒரு கதவு நிக்கிது. செவுரு இல்ல, நிலை இல்ல, கதவுக் கீலு எதுல அடிச்சான்? ஒரு கொத்தனாருக்கு அதப் பாத்தா சிரிப்பு வருமா வராதா? … சரி, கதவ வுடு. கதவுக்கு அந்தாண்ட, செத்துப்போன கொழந்த உசுரோட வளந்துகினு கீது. யாரு சோறு போடறது? யாரு குளிப்பாட்றது? … ம். … ம். … அது வேற அர்த்தம்னா, அத ஏன் ஸ்கூலு யூனிபாரத்துல காட்னான்? துணி தெச்சது யாரு?"

பேசப் பேச அவனுக்குத் தைரியம் வந்தது. படத்தைப் பற்றித்தானே சண்டை, படத்தோடு போய்விடும் என்று நினைத்தான்.

"ஆமா… ஆமா, அழுத, பாத்தேன். பக்கத்து சீட்டு அக்காவும்தான் அழுதுச்சு. … அதான் நானும் கேக்குறேன், அப்பன் கண்ணுக்கு மட்டும் கதவு தெரிதாம், பெத்தவ கண்ணுக்குத் தெரிலியாம். ஏன்னா, கொழந்தயக் கடைசியாத் தூக்குனது அவன்தானாம். இது இன்னா ரூலு? அவன் பாட்டுக்கு வாராவாரம் போறான், பாத்துட்டு வர்றான், வந்து இவகிட்ட வாயே தொறக்கல. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தான்னா இண்டர்வெல்லுலயே படம் முடிஞ்சிருக்கும், நம்மளும் வூட்டுக்குப் போயிருக்கலாம். … இன்னா? … நீயும் அதத்தான் சொல்றியா?"

கரணையிலிருந்து கலவை ஒரு கட்டியாக வழிந்து அவன் பாதத்தில் விழுந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.

"… அது கதவு இல்லன்னா? … … ஷர்மி. … அது இன்னா சத்தம் அங்க? நீ உங்கம்மா வூட்ல இல்லியா? … எங்க? … அனகாபுத்தூரா? … ஆத்தோரத்துலயா நிக்கிற? … தனியாவா?"

அனகாபுத்தூர் ஆற்றங்கரைச் சுடுகாட்டின் ஒரு பக்கத்தைச் சிறு பிள்ளைகளைப் புதைப்பதற்கென்று விட்டிருந்தார்கள். பிறந்த மறுநாளே அவர்களுடைய முதல் பெண் குழந்தை இறந்துபோனபோது ஷர்மிளா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பூவராகன்தான் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனான். பெற்றவளுக்கு இடத்தைக் காட்டாதே, காட்டினால் அடுத்தது தங்காது என்று அவளுடைய அம்மா கனகவல்லி சொல்லி அனுப்பியிருந்தாள். ஷர்மிளா அன்றைக்குக் கேட்டாள். பிறகும் எத்தனையோ தடவை கேட்டாள். மறந்துபோச்சு என்றே அவன் சொல்லி வந்தான்.

"வாட்ச்மேன்கிட்டலாம் கேக்காத. அந்தாளுக்குத் தெரியாது. … ஷர்மி, நான் சொல்றதக் கேளு, நீ மொதல்ல வெளிய வா. … நான் ஒண்ணும் ஒளிக்கல. உங்கம்மாதான் … ஆமா, உங்கம்மாதான் சொன்னாங்க. வேணும்னா கேளு அவங்கள. … கேட்டுட்டியா? … ம். … ம். … … ஆமா. காட்டாம வெச்சும் தங்கல. … ஆமா, ரெண்டாவதும் வவுத்துலயே தங்கல. … தோ வர்றேண்ணா, ஒரு நிமிஷம். … உன்ன இல்ல, மேஸ்திரிய."

சவுரிமுத்து கலவையைத் தாண்டிப் பக்கத்திலேயே வந்துவிட்டார். திட்டத்தான் வந்தார். பூவராகன் முகத்தைப் பார்த்ததும் அவன் விரல்களை விலக்கிக் கரணையை எடுத்துக்கொண்டு, அவன் விட்டுவந்த மூலையில் தானே குந்தி மட்டம் பார்க்க ஆரம்பித்தார்.

"… அப்பிடி சொல்லாத. வூட்டுக்கு வர மாட்டன்னா இன்னா அர்த்தம்? … ஷர்மி. … இல்ல, அந்தப் படத்தாட்டம் வாரம் வாரம்லாம் போயி நான் பாக்கல. சத்தியமா. அன்னிக்கு வெச்சிட்டு வந்ததுதான், அப்பாலிக்கு ஒரே ஒரு வாட்டி, அதுவும் வாசலோட. உள்ள கால் வெக்க முடியல எனுக்கு. … ஆமா. … ஆமா, மறக்கல. எப்பிடி மறக்கும்? … … சரி. சொல்றேன். வெச்சிடாத, சொல்றேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"வாசல்லேர்ந்து நேரா வா. தண்ணித் தொட்டி ஒண்ணு கீதா? … அதத் தாண்டு. ஒரு வேப்பமரம். … வெட்டிட்டானுங்களா? … அடிக்கட்டையாச்சும் கீதா பாரு, கொஞ்சம் தள்ளி. … ஆங். அதுக்கு முதுகக் காட்டி, ஆத்தப் பாத்து நில்லு. … இப்ப சோத்துக் கைப் பக்கம் நட. மெதுவா, கீழ பாத்து, முள்ளு கெடக்கும். … செங்கல் ஒண்ணு நட்டு வெச்சேன். … இல்லியா? … இல்ல, நான் பொய் சொல்லல ஷர்மி. மழைல ஆறு ஏறிச்சே, இழுத்துகினு போச்சோ இன்னாவோ. … அழுவாத. செடிய வெலக்கிப் பாரு. கையால இல்ல, குச்சியால. … … இன்னாது? … ஒடஞ்சதா? … ஒடஞ்சது இல்ல அது. நான் வெச்சதே அரைக்கல்லுதான். அன்னிக்கு முழுக்கல்லு கெடைக்கல. … … ம். … அதான். … அதுதான்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். பின்னால் மிக்சர் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

"… ம், கீறேன். … தலை எந்தப் பக்கமா? … தெக்கால. மரத்துப் பக்கம். … நான்தான். நானே உள்ள எறங்கி வெச்சேன், வேற யாரையும் தொட வுடல. … இல்ல, அழுத மாதிரி இல்ல. தூங்குற மாதிரிதான். … மூக்கு அப்பிடியே ஒன் மூக்கு. … … அந்தத் தலைமாட்டாண்ட உக்காரு. … நான் கெளம்பி வர்ட்டா? … … சரி. … சரி, வர்ல. அன்னிக்கு நான் தனியா இருந்தேன் அதுங்கூட. இன்னிக்கு நீ இரு. … எவ்ளோ நேரம்னாலும் இரு. … அப்பறம் வூட்டுக்குத்தான? … நம்ம வூட்டுக்கு. … ம். … ம்."

அவன் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அவள் போனை வைத்துவிட்டாள்.