கழித்தல் குறியைச் சுற்றிய வட்டம்

பெயர்: தம்பு மங்கையற்கரசி. வயது: நாற்பத்திரண்டு. முகவரி: அடம்பன், மன்னார். தொழில்: வீடும் வயலும், கணிதப் பட்டதாரி. யாருடைய வற்புறுத்தலுமின்றி நானாக இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வசித்து வருகிறேன். மன்னார்த் தீவின் கரையோரத்தில் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டுக் கடலுக்கும், கருவாடு காயவைக்கின்ற வாடிக்கும் போகின்ற பிள்ளைகள் சிலருக்கு இரண்டு வருடங்களாக போன் வீடியோ மூலம் சாதாரண தரப் பரீட்சைக்கான கணிதம் படிப்பித்து வருகிறேன். அந்த ஊர்ப் பங்குத்தந்தை கேட்டார், நான் ஓம் என்றேன். சம்பளம் இல்லை. "இதால உங்களுக்கு என்ன வருது ரீச்சர்?" என்று உப பொலிஸ் பரிசோதகர் சரிபுதீன் அவர்கள் கேட்டதற்கு, போன முறை பரீட்சைக்குத் தோற்றிய என் பிள்ளைகளில் ஒருவர்கூட கணக்கில் கோட்டை விடவில்லை, அதுதான் வருது என்று பதில் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் கூட என்று வீட்டிலும் சொல்வார்கள்.

எங்கள் வகுப்பில் யாரும் முகம் காட்டுவதில்லை. தொடங்கிய காலத்தில் கிருஷிகா என்ற பிள்ளை, "ரீச்சர், எங்கட வீட்டைப் பாக்காதேங்கோ" என்று சொல்லி போனை அணைத்துவிட்டாள். அதன் பின்னர் எல்லோரும் போனை ஒரு தகரப் பேணியின் மேல் சாய்த்து வைத்து, கொப்பியும் எழுதும் கையும் மட்டும் தெரியும்படி இருக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்தேன். வாடியில் எந்நேரமும் சத்தம் என்பதால் குரலையும் நிறுத்தி வைப்பார்கள். ஆகவே என் மாணவர்களின் முகம் எனக்குத் தெரியாது. கைகள் தெரியும், கணக்குச் செய்கின்ற விதம் தெரியும்.

சந்தேகநபர் நிறோஜன் என் மாணவன். வயது பதினேழு. படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி அலெக்ஸாண்டர் என்பவரிடம் வேலை செய்கிறான். வருகின்ற திங்கட்கிழமை பரீட்சை எழுத இருக்கிறான். வாக்குமூலத்தில் 'அவர்' என்று எழுதட்டுமா என்று கேட்கப்பட்டது. என் பிள்ளை, 'அவன்' என்றே எழுதுங்கோ என்றேன்.

நேற்று மாலை வழமைபோல் வகுப்பு நடத்தினேன். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் உள்ளே இருக்கின்ற குறிகள் மாற வேண்டும். நிறோஜன் முதலாவதை மாற்றுவான், இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவான். மாதக்கணக்காக இதே பிழை. நேற்றும் விட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறி, "இன்னொருக்கா இதில பிழை விட்டியெண்டால் நான் போனை வைச்சுப்போடுவன்" என்று ஏசினேன். அதன் பின்னர் எனக்கே மனம் கேட்காமல், வெளியே நிற்கின்ற கழித்தல் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்திலிருந்து உள்ளே இருக்கின்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். அது அந்த நேரத்தில் என் மனதில் தோன்றிய வழி. எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதற்கு முன்னர் யாருக்கும் நான் காட்டியதுமில்லை. வகுப்பு முடிய, நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

அதன் பின்னர் நிறோஜனின் தாயார் அருள்நாயகி அழுதுகொண்டு போன் எடுத்தார். வகுப்பு நடந்த அதே நேரத்தில் கரையில் அலெக்ஸாண்டரின் படகு இயந்திரம் களவு போய்விட்டது, நிறோஜன் போன்ற ஒருவன் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டதாக யாரோ சொன்னார்கள், வகுப்பு முடிந்த கையோடு பொலிஸ் வந்து அவனையும் போனையும் கொண்டுபோய்விட்டது என்று சொன்னார். "ரீச்சர், றிமாண்டில போட்டால் சோதினையை எப்பிடி எழுதுவான்?" என்று கேட்டார். நான் இன்று காலை முதல் பஸ்ஸில் இங்கு வந்தேன்.

அவன் என் வகுப்பில்தான் இருந்தான் என்று உப பொலிஸ் பரிசோதகரிடம் சொன்னேன். அவர் ஐந்து இளைஞர்களைக் கைகளைப் பின்னால் கட்டச் சொல்லி வரிசையில் நிறுத்தி, "இதில உங்கட நிறோஜன் ஆர்?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. சொந்த மாணவனைத் தெரியாமல் நின்றது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. "கையை மட்டும் கண்டதை வைச்சு நான் என்னெண்டு எழுதுறது? அவன்ர தம்பிக்காரன் இருந்து எழுதியிருக்கலாம்தானே" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை.

அப்போது எனக்கு அந்த வட்டம் ஞாபகம் வந்தது. அந்த ஐந்து பேருக்கும் கேட்காதபடி அவரை வெளியே அழைத்து, நேற்று வகுப்பில் புதிதாக ஒரு வழி காட்டினேன், அங்கு இருந்தவர்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது தெரியாது, கைதானதிலிருந்து நிறோஜன் யாரோடும் பேசவுமில்லை என்று சொன்னேன். உப பொலிஸ் பரிசோதகர் என்னைப் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் போனில் அதே வகுப்பு மாணவி கிருஷிகாவை அழைத்து, நேற்று புதிதாக என்ன படித்தீர்கள் என்று கேட்டார். அவள் வட்டத்தையும் கோட்டையும் அப்படியே சொன்னாள். அதன் பின்னர் ஐந்து பேரையும் மேசையில் இருத்தி, ஆளுக்கொரு தாளும் பேனையும் கொடுத்து, நான் சொன்ன கணக்கொன்றைச் செய்யச் சொன்னார். அவர்களில் இருவர் சிவில் உடையில் இருந்த பொலிஸ்காரர்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

நான் முகங்களைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தேன். நிறோஜன் வகுப்பில் இருந்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் சொன்னது அவன் மண்டையில் ஏறியதா என்பதுதான் எனக்குத் தெரியாது. பழைய பிழையையே விட்டால் அவன் கதை முடிந்தது. முதலாவது ஆள் எட்டு என்று விடை எழுதினார், பிழை. இரண்டாவது ஆளுக்கும் எட்டு. மூன்றாவது ஆள் தாளை வெறுமையாக விட்டார். ஐந்தாவது ஆள் நான்கு என்று சரியாக எழுதினார், ஆனால் வட்டம் இல்லை. நான்காவது கை அடைப்புக்குறியடியில் வந்து அப்படியே நின்றது. தூண்டில் நூல் வெட்டிய தழும்புள்ள, கறுத்த கை. அதன் பின்னர் கழித்தல் குறியைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டது. அதிலிருந்து ஒரு கோடு இழுத்தது. பிறகு இரண்டாவது கோட்டையும் இழுத்தது. விடை நான்கு.

"இவன்தான்" என்று சொன்னேன். நான் அழுதேன், அதையும் எழுதுங்கள். இருபது வருடத்துக்கு முன்னர் என் பட்டச் சான்றிதழை வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை வரவில்லை.

அவன் தலையை நிமிர்த்தினான். இனி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பான் என்று நினைத்தேன். "ரீச்சர், நாலு சரியோ?" என்று கேட்டான். சரி என்றேன். உப பொலிஸ் பரிசோதகர் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, களவு பற்றிய விசாரணை தொடரும், இவனை இப்போதே தாயாரிடம் விடுகிறேன் என்று சொன்னார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவும்தான். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. என் மாணவனுக்காக நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையை அவன் எனக்கு வைக்கவுமில்லை.

(ஒப்பம்) த. மங்கையற்கரசி