டாக்டரம்மா வேலிக்கு வியாழக்கிழமைத் தண்ணீர்

பேரவையின் பெருந்தலைவரும், என் அக்காளின் கணவரும், கெண்டியால் கீர்த்தி பெற்றவருமாகிய மெலித்தோன் அவர்களே! நெளியாதீர்கள் அத்தான், கெண்டிக் கதை பிறகுதான் வரும். மலைப் பாதுகாப்பகத்தின் மாண்புமிகு இயக்குநர் ஐயா அவர்களே! எட்டு மணி நேரம் குலுங்கி ஏறி வந்து, உடம்பு மட்டும் வந்து சேர்ந்து, மூச்சு இன்னும் வழியிலேயே நிற்கும் அலுவலர்களே! புல்லுக்கு நாடி பிடிக்கும் எங்கள் ஒஃபேலியா டாக்டரம்மா அவர்களே! உமாபால்காவின் மூத்தோரே! முதுகில் பிள்ளையும் கையில் தக்ளியுமாய் நிற்கும் தாய்மார்களே! அந்தப் பக்கம் அசைபோட்டபடி, என் பேச்சை உங்களைவிடப் பொறுமையாகக் கேட்கும், கம்பளி சுமந்த எங்கள் அல்பாக்காப் பெருமக்களே! அனைவர்க்கும் இந்தச் சத்தூர்னினாவின் பணிவான வணக்கம்.

எங்கள் வழக்கப்படி கோப்பையின் முதல் மடக்கு மண்ணுக்கு. இதோ, ஊற்றிவிட்டேன். மண்ணம்மா குடித்துவிட்டாள், இனி மனிதர்களைக் கவனிக்கலாம்.

சற்றுமுன் இயக்குநர் ஐயா அழகாகப் பேசினார். "மனிதக் கை படாத இந்தப் பசுமை இயற்கையின் கொடை" என்றார். நானும் கைதட்டினேன். தட்டிய பிறகு என் கையைப் பார்த்தேன். உள்ளங்கை நிறைய மண்வெட்டிக் காய்ப்பு! கை படாத பசுமையாம், காய்த்துப்போன கைகள் கைதட்டினவாம்! ஹிலாரியா, நீ அங்கே சிரிக்காதே. சிரித்தால் எனக்கும் வந்துவிடும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் டாக்டரம்மா இங்கே வந்தபோது ஊரே திரண்டது. ஏன் திரண்டது? அறிவியல் ஆர்வமா? இல்லை, பல்வலி! டாக்டர் என்று கேள்விப்பட்டதும் பல்வலிக்காரர் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த அம்மாள் பதறிப்போய், "ஐயோ, நான் புல்லு டாக்டருங்க, பல்லு எனக்குத் தெரியாது" என்றார். "புல்லுக்கு என்ன நோவு, அது நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்தியபடி வீடு திரும்பினார்கள் நம்மவர்கள்.

அவர் வந்த வேலை இதுதான். நம் சதுப்புப் புல்வெளியில் அக்கம்பக்கமாக இரண்டு பாத்திகள். ஒன்றைச் சுற்றி வேலி. அதற்குள் அல்பாக்கா நுழையாது. இன்னொன்றுக்கு நாலு முளைக்குச்சி மட்டும். அங்கே அல்பாக்கா மேயும். நான்கு ஆண்டு பார்ப்பது. வேலிக்குள் புல் செழித்தால், சதுப்பைக் கெடுப்பது அல்பாக்கா என்று பொருள். நாமும் தலையாட்டினோம். விருந்தாளி கேட்டால் தலையாட்டாமல் இருப்போமா?

அங்கேதான் ஆரம்பித்தது வம்பு. உமாபால்காவில் வேலி போட்டவர் எவரும் வீட்டுக்காரர், ஊரில் ஒரு குடி. வீட்டுக்காரருக்கு முறைத்தண்ணீர் உண்டு. பனி உருகி வரும் நீரை வாய்க்கால் வெட்டி, மடை மாற்றி, ஆளுக்கொரு நாள் பாய்ச்சாவிட்டால் கோடையில் இந்தச் சதுப்பு இருக்குமா? இருக்காது. அந்த ஆண்டு முதல் நீர்பாய்ச்சி நான்தான் என்று ஊர் தேர்ந்தெடுத்தது. சபை கூடியது.

"அந்தம்மா வேலி போட்டுருச்சே, முறை வேணாமா?" என்றார் நம் தலைவர்.

"வியாழக்கிழமை காலியாத்தான் கிடக்கு. குடுத்துருவோம் அத்தான்."

"அவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"வீட்டுக்கு வந்தவங்களப் போயி தண்ணி வேணுமான்னு கேப்பாங்களா? மோந்து குடுக்கணும்!" இது ஹிலாரியா. அன்று மட்டும் இவள் சிரிக்கவில்லை.

கொடுத்தோம். சொன்னோமா? சொல்லவில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது நம் ஊரில் கொடுக்காததைவிடக் கேவலம். வேலியில் பலகை ஒன்று இருந்தது. "விலங்குகள் நுழையக் கூடாது" என்று எழுதியிருந்தது. நானும் படித்தேன். நான் என்ன விலங்கா? மண்வெட்டியோடு நுழைந்தேன், மடை திறந்தேன், மரியாதையாக வெளியே வந்தேன். வியாழன்தோறும் விடிகாலை, வாய்க்கால் பனிக்கட்டியைத் தட்டி உடைத்து, என் சொந்தப் புல்லுக்குக்கூடப் பாய்ச்சாத பக்குவத்தில் பாய்ச்சினேன்.

டாக்டரம்மா ஆண்டுக்கு இருமுறை வருவார். கம்பிச் சட்டத்தைப் புல்மேல் வைத்து, முழங்காலில் நின்று, அதற்குள் இருப்பதை ஒவ்வொரு செடியாக எண்ணுவார். ஈரத்தில், காற்றில், உதடு வெடித்து ரத்தம் வர வர எண்ணுவார். "வேலிக்குள்ள பாருங்க, எவ்வளவு பச்சை!" என்பார். நமக்குப் பெருமை தாங்காது. வந்தவர் புல்லை நன்றாக வளர்த்திருக்கிறோம் அல்லவா? தன் வீட்டு அடுப்பைத் தானே தண்ணீர் ஊற்றி அணைத்த கதை தெரியுமா உங்களுக்கு? அந்தக் கதையில் வருகிறவர்கள் நாம்தான்.

நான்காம் ஆண்டு முடிவில் டாக்டரம்மா பள்ளிக்கூடத்தில் சபையைக் கூட்டினார். கண் சிவந்திருந்தது.

"என்னால பொய் எழுத முடியாது சத்தூர்னினா. வேலிக்குள்ள ரெண்டு மடங்கு புல்லு. மந்தை போனாத்தான் சதுப்பு பிழைக்கும்னு வருது. அடுத்த மழைக்குள்ள எல்லா மந்தையையும் கீழ இறக்கணும்னு பாதுகாப்பகம் உத்தரவு போடப்போகுது."

எங்கே இறக்குவது? என்னுடையவை எண்பத்து மூன்று. ஊருக்கே ஈராயிரம். மந்தை இல்லாத உமாபால்கா என்றால், நாளை நாம் எல்லோரும் நகரத்துச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள். நான் அழுதேன் ஐயா. மேடை என்பதற்காக மறைக்க மாட்டேன். முந்தானை நனைய அழுதேன்.

அழுதுகொண்டே அந்தப் பாழாய்ப்போன வேலியைப் பார்க்கப் போனேன். தலைவரும் கூட வந்தார். அன்று வியாழக்கிழமை. காலையில் நான் திறந்துவிட்ட தண்ணீர் களகளவென்று வேலிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை நான் பார்த்தேன். என்னைத் தலைவர் பார்த்தார்.

"ஐயையோ அத்தான், இந்தப் புல்லு வேலியால வளரல. நம்மளாலதான் வளந்திருக்கு!"

"மெதுவாப் பேசு புள்ள! சொல்லிராத. நாலு வருசப் பாடு அந்தம்மாவுக்கு. கேட்டா நெஞ்சு வெடிச்சிரும்."

சொன்னால் அவர் உழைப்பு போகும். சொல்லாவிட்டால் ஊர் போகும். என்ன செய்வேன்? நேரே போய் அவர் முன் நின்றேன்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. உங்க வேலிக்கு நாங்க தண்ணி விட்டோம்."

"எப்போ?"

"வியாழக்கிழமை."

"எந்த வியாழக்கிழமை?"

"எல்லா வியாழக்கிழமையும்."

கம்பிச் சட்டம் கையில் இருந்தது. வீசினார் பாருங்கள், நேரே வாய்க்காலில் விழுந்தது. ஈரச் சதுப்பில் அப்படியே உட்கார்ந்தார். "நாலு வருசம்! நாலு வருசம்!" என்று தலையில் கை வைத்தார். நம் தலைவர் சும்மா இருந்தாரா? இறங்கிப் போய்ச் சட்டத்தை எடுத்து, கழுவி, துடைத்து, "இந்தாங்கம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று நீட்டினார். உலகத்திலேயே தவறான நேரத்தில் நீட்டப்பட்ட பொருள் அதுதான்.

பிறகு டாக்டரம்மா மெல்லக் கேட்டார்: "பக்கத்துப் பாத்திக்கும் விட்டீங்களா?"

"அதுக்கு ஏது வேலி? நாலு குச்சி நட்டா அது வீடாயிருமா? குச்சிக்கு எவளாச்சும் முறை குடுப்பாளா?"

அழுத கண்ணோடு சிரித்தார் அந்த அம்மாள். சிரித்துக்கொண்டே அழுதார். அன்றிலிருந்துதான் அவர் நம் வீட்டுப் பெண்.

ஆனால் அலுவலகம் நம்பியதா? "மேய்ச்சல் பறிபோகுதுன்னதும் கதை கட்டுறாங்க" என்றது ஒரு குரல். யார் குரல் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கழுத்துக்கு இன்று மாலை போட்டிருக்கிறோம். பரவாயில்லை ஐயா, சிரியுங்கள், சிரித்தால் மூச்சு சீராகும்.

வாயால் சொன்னால் வழக்கு. புல்லால் சொன்னால் சாட்சி! உத்தரவை இரண்டு ஆண்டு நிறுத்தி வைக்கச் சொல்லி டாக்டரம்மா போராடினார். நான்கு பாத்திகள் போட்டார். வேலியும் தண்ணீரும் உள்ளது ஒன்று. வேலி உண்டு, தண்ணீர் இல்லாதது ஒன்று. தண்ணீரும் மந்தையும் உள்ளது ஒன்று. மந்தை உண்டு, தண்ணீர் இல்லாதது ஒன்று. "சத்தியமாச் சொல்லுங்க, காய்ற ரெண்டுக்கும் ஒரு சொட்டு விடக்கூடாது" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

தாய்மார்களே, தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடாதே என்று நம்மிடம் சத்தியம் வாங்குவதைவிடக் கொடுமை உண்டா? டாக்டரம்மா பெயர் எழுதிய வேலி கண்ணெதிரே காய்கிறது. எட்டிப் பார்க்க மனம் வராமல் இரண்டு ஆண்டு சுற்று வழியில் நடந்தவள் நான். நான் சுற்றி நடந்தேன். சிலரோ நேரே நடந்தார்கள். ஒரு காலை, காய்ந்த வேலியோரம் கெண்டியும் கையுமாக ஒருவர் குனிந்து நிற்கிறார்!

"அத்தான்! என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. குடிச்சு மிஞ்சின டீ. கீழ கொட்டுறேன்."

"டீய வேலிக்குள்ளதான் கொட்டணுமா?"

"ஆறிப்போன டீ தண்ணியாகுமா? நீயே சொல்லு!"

டாக்டரம்மா அந்த மூலையை மட்டும் அளவிலிருந்து நீக்கினார். அறிவியல் வரலாற்றில் தேநீரால் தள்ளுபடியான முதல் முழம் நிலம் நம் உமாபால்காவுடையதாகத்தான் இருக்கும். கைதட்டுங்கள் தலைவருக்கு!

விளைவு என்ன? தண்ணீர் இல்லாத பாத்திகள் இரண்டும் செத்தன. வேலி காத்ததா? காக்கவில்லை, கால் வைத்தால் அப்பளமாய் நொறுங்கியது மண். தண்ணீரும் வேலியும் இருந்த இடத்தில் புல் உயர்ந்தது, ஆனால் உயர்ந்த புல் சின்னஞ்சிறு செடிகளை அமுக்கிக் கொன்றது; மிஞ்சியது பத்தொன்பது வகை. தண்ணீரும் மந்தையும் சேர்ந்த இடத்திலோ முப்பத்தொரு வகை! போன வாரம் உத்தரவு ரத்தானது. அதற்குத்தான் இன்று இந்த விழா.

இப்போது கேட்கிறேன்: இந்தப் பசுமையை வளர்த்தது யார்? பனியா? பனி எல்லாச் சிகரத்திலும் உண்டு; பசுமை எல்லாச் சரிவிலும் உண்டா? வளர்த்தது மடை! வளர்த்தது மண்வெட்டி! வளர்த்தது முறை தவறாத முன்னோர்! மலைக்குக் காவல் வேண்டும் என்கிறீர்களே ஐயா, காவலுக்கு நின்றவர்களைத்தான் வெளியேற்றப் பார்த்தீர்கள்! இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கோபத்துக்குப் பின்னால் சந்தோஷமும் வருகிறது.

நாடா வெட்டக் கத்தரிக்கோல் தயாராக இருக்கிறதாம். அது கிடக்கட்டும். நேற்றோடு ஆராய்ச்சியின் இரண்டு ஆண்டுக் கெடு முடிந்தது. என் சத்தியமும் தீர்ந்தது. இன்று என்ன கிழமை? சத்தமாக! ஆம், வியாழக்கிழமை! இரண்டு ஆண்டாகத் தவிக்கும் டாக்டரம்மா வேலிக்கு இன்று முறை. தண்ணீர் மேல்மடைக்கு வந்துவிட்டது. பேச்சுக்காக அது நிற்காது.

வாருங்கள் இயக்குநர் ஐயா, இந்த மண்வெட்டியைப் பிடியுங்கள். அப்படியல்ல, காம்பைத் தாழ்த்திப் பிடியுங்கள். கை காய்க்கும், பயப்படாதீர்கள். அத்தான், கெண்டியை வீட்டிலேயே வையுங்கள், இன்று வாய்க்காலே வருகிறது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என்னைவிட நன்றாக அசைபோட்ட மந்தைக்கும் நன்றி. எல்லோரும் மடைக்கு வாருங்கள். வணக்கம்!