மிஸ் ஓசுனா கைதட்டாத விழா

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் பெர்லாங்கா அவர்களே, அருட்தந்தை அவர்களே, சக ஆசிரியர்களே, வேலை முடிந்த கையோடு உடைகூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் நம் பாலோ செக்கோ ஊரின் தாய்மார்களே, தந்தைமார்களே, பிள்ளைகளே! உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நம் மாணவர் ஆலோசகர் ஹெர்மிலா ஓசுனா இன்று நம்மோடு இல்லை. இந்த உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் இருக்கும் மலர் வளையங்களிலேயே பெரியது மாவட்ட அலுவலகம் அனுப்பியது. நான் கணக்கு வாத்தியார், எனக்குப் பேசத் தெரியாது. ஆனால் அதைப் பார்த்ததும் மிஸ் ஓசுனாவின் குரல் என் காதில் கேட்டது: “கிரோகா சார், இவ்வளவு பெரிசா எதுக்கு? இவங்களுக்கு என்ன வேணுமாம்?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவர் அப்படித்தான்! பிறந்தநாள் கேக்கை நீட்டினால்கூட, “யார் செஞ்சது?” என்று கேட்காமல் வாயில் வைக்க மாட்டார். “சந்தேகப் பிராணி” என்று ஆசிரியர் அறையில் அவரைக் கிண்டல் செய்தோம். அவர் சந்தேகப்பட்டது யாருக்காக? தனக்காகவா? இல்லை, நண்பர்களே, இல்லை!

இரட்டை கிரெடிட் திட்டத்தின் முதல் பட்டமளிப்பு விழா நினைவிருக்கிறதா? உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே பிள்ளைகள் கல்லூரிப் பாடம் படிக்கலாம். ஒரே பாடத்தின் கிரெடிட், அதாவது தேர்ச்சிப் புள்ளி, பள்ளிக்கும் செல்லும், கல்லூரிக்கும் செல்லும் என்றார்கள். பள்ளிப் பட்டமளிப்பு கவுனைப் போடும் முன்பே பிள்ளைகள் கல்லூரி கவுனைப் போட்டு இதே கூடத்தில் நடந்து வந்தார்கள். நாம் அழுதோம், எழுந்து நின்று தட்டினோம். மிஸ் ஓசுனா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

விழா முடிந்ததும் நேரே கண்காணிப்பாளரிடம் போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“சார், இந்த கிரெடிட்டை எந்தக் கல்லூரி ஏத்துக்கும்?”

“எல்லாரும் ஏத்துக்குவாங்க, மிஸ்.”

“எல்லாரும்னா யாரு சார்?”

“நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று அவர் சிரித்தார். அடுத்தவரிடம் கைகுலுக்கப் போய்விட்டார். டாக்டர் பெர்லாங்கா, இதை உங்கள் முன்னால் மேடையிலேயே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நொயெலியா செர்தூச்சே. மூன்றாம் வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணின் அனுமதியோடுதான் சொல்கிறேன். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. பள்ளி என்ன செய்தது? எந்த வகுப்பில் இடம் காலியோ அதில் சேர்த்தது. இசை ரசனை, உலகப் புவியியல் என்று கிடைத்ததெல்லாம். அதோடு, பத்தாம் வகுப்பிலேயே கல்லூரி இயற்கணிதம், அதுவும் கணினித் திரையில், முகம் பார்த்திராத ஓர் ஆசிரியரிடம்! புரியவில்லை, விலகிக்கொள்கிறேன் என்று அவள் கேட்டாள். விலகினால் திட்டத்தில் நம் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை குறையும் என்று விடவில்லை. தட்டுத் தடுமாறிக் கரையேறினாள், மதிப்பெண் தரைமட்டம்.

அவள் பள்ளி முடித்த கோடையில் மிஸ் ஓசுனா என்னிடம், “சார், உங்க வண்டி சான் அந்தோனியோ வரைக்கும் தாங்குமா?” என்று கேட்டார். அவர், நொயெலியா, அவள் அம்மா, நான் நால்வரும் போனோம். நர்சிங் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் ஒரு இளைஞன், நல்ல மரியாதைக்காரன்.

“எல்லா கிரெடிட்டையும் ஏத்துக்கறோம், மேடம்.”

“நர்சிங்குக்கா?”

“பொதுவா ஏத்துக்கறோம்.”

“பொதுவான்னா என்ன தம்பி?”

அவன் குரல் இறங்கியது. “பதிவுல இருக்கும், மேடம். ஆனா நர்சிங் படிப்புக்கு உதவாது. அந்தக் கணக்கு மார்க்... ஸ்கூல்ல படிச்சாலும் அது காலேஜ் மார்க்தானே. அதை வச்சு இந்த வருஷம் சேர்த்துக்க முடியாது.”

நொயெலியாவின் அம்மா பழம் பொட்டலம் கட்டும் கொட்டகையில் வேலை செய்பவர். ஆங்கிலம் தெரியாது. மகளின் கையைத் தொட்டு, “என்னடி சொல்றாரு?” என்றார்.

நொயெலியா சிரித்தாள். “எல்லாம் நல்லபடியா இருக்காம்மா.”

மிஸ் ஓசுனா ஸ்பானிய மொழிக்கு மாறினார். “அம்மாகிட்ட பொய் சொல்லாத கண்ணு. ஊர் சொன்ன பொய்யே போதும்.” பிறகு எல்லாவற்றையும் அவரே அந்தத் தாய்க்குச் சொன்னார்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். அந்த அம்மா எதுவும் சாப்பிடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “என் பொண்ணுக்கு ரெண்டு கவுன் போட்டு படம் புடிச்சாங்களே, அது யாருக்காக?”

யாருக்காக? இன்றும் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை!

மறு மாதமே மிஸ் ஓசுனா பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து இதைப் பேசினார். அடுத்த வாரமே அவரை ஆலோசகர் அறையிலிருந்து எடுத்து, ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டி, காலையில் பிள்ளைகளை இறக்கிவிடும் வாகன வரிசையில் நிறுத்தினார்கள். ‘ஆள் பற்றாக்குறை’ என்றார்கள். எனக்கு அன்றும் நம்பிக்கை வரவில்லை, இன்றும் வரவில்லை.

அவர் அழுதாரா? சோர்ந்தாரா? ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் தட்டினார்! “அம்மா, உங்க பையன் என்ன ஆகணும்கறான்? இன்ஜினியரா? இந்த வகுப்பு அதுக்கு உதவுமான்னு கேட்டீங்களா? யார்கிட்ட கேட்டீங்க? அவங்க பேர் என்ன?” வரிசை நெடுஞ்சாலை வரை நீண்டது. பின்னால் ஹாரன் அலறியது. “அலறட்டும், நீங்க பதில் சொல்லுங்க” என்றார். அந்தத் தாய்மார்கள்தான் கூட்டமாக மாவட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். இன்று நம் பிள்ளையால் ஒரு வகுப்பிலிருந்து விலக முடிகிறது என்றால், அது அவர்கள் வாங்கித் தந்தது. அதையே மாவட்ட அலுவலகம் ‘எங்கள் புதிய முயற்சி’ என்று பத்திரிகையில் போட்டுக்கொண்டதையும் படித்தேன்.

அவர் இந்தத் திட்டத்தின் எதிரியா? ஒருபோதும் இல்லை! நம் பள்ளி மாணவன் எலெயாசார் படித்த அத்தனை பாடமும் அவன் பொறியியல் படிப்புக்குச் செல்லுபடியானது. எப்படி? அவன் அந்த வகுப்புகளில் சேரும் முன்பே பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒவ்வொரு பாடமாகக் கேட்டவர் மிஸ் ஓசுனா. நொயெலியா வேறு கல்லூரியில் அந்தக் கணக்கைத் திரும்பப் படித்தாள். ஓர் ஆண்டை இழந்தாள். இப்போது நர்சிங்கில் இருக்கிறாள். இழந்த ஆண்டை யாரும் அவளுக்குத் திருப்பித் தரவில்லை.

புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னபோதும் அவர், “எந்தப் பரிசோதனையை வச்சு சொல்றீங்க?” என்றுதான் கேட்டாராம். இந்த முறை அவர் சந்தேகம் பலிக்கவில்லையே! ஐயோ, பலிக்கவில்லையே!

டாக்டர் பெர்லாங்கா, இன்று நீங்கள் அச்சிட்டுத் தந்த தாளில் அவரை ‘இரட்டை கிரெடிட் திட்டத்தின் தாய்’ என்கிறீர்கள். புதிய கட்டடத்துக்கு அவர் பெயராம். மகிழ்ச்சி. ஆனால் அடுத்த ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் இந்தத் திட்டத்தில் கட்டாயம் சேர்க்கப் போவதாகவும் கேள்விப்படுகிறேன்.

அம்மாமார்களே, அவர் விட்ட வேலையை நாம் எடுத்துக்கொள்வோம். திங்கள்தோறும் பள்ளி விட்டதும் நான் நூலகத்தில் இருப்பேன். எந்தப் பாடத்துக்கும் கையெழுத்துப் போடும் முன் வாருங்கள். அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று சேர்ந்தே கேட்போம். நொயெலியாவும் வருகிறேன் என்றிருக்கிறாள்.

டாக்டர் பெர்லாங்கா, கட்டடத்துக்குப் பெயர் வைக்கும் முன் ஒரே கேள்வி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை புரியவில்லை, வேண்டாம் என்றால், விலகிக்கொள்ள அந்த வார்த்தை போதுமா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று சொல்லுங்கள். இதோ, ஒலிவாங்கி. நாங்கள் எல்லாரும் காத்திருக்கிறோம்.