காத்து வாங்க வந்தவங்க

இல்லக்கா, யாரும் புடிச்சு வச்ச இடமெல்லாம் இல்ல, நல்லா சாஞ்சு உக்காருங்க. பைய மடியில வச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படுறீங்க, கீழ வைங்க. ஓ, சும்மா காத்து வாங்க வந்தீங்களா. நானும் அதுக்குத்தான் வந்தேன். தாஷ்கண்டுல அடிக்கிற மொத்தக் காத்தும் இந்த சினார் மரத்துக்குப் பின்னாடி இருக்கிற இந்த ஒரு பெஞ்சுக்குத்தானே வருது.

அமைதிப் பூங்கான்னு வாசல்ல போர்டு வச்சிருக்கான், பாத்தீங்கல்ல? ரொம்ப அமைதி. அந்தா, சதுரங்கம் ஆடுற பெருசுங்க ரெண்டும் ஒரு குதிரைக்காக அரை மணி நேரமா சட்டையப் புடிக்காத குறை. புல்லுல மிதிக்காதீங்கன்னு கத்துறதுக்குன்னே ஒரு அம்மா. இவ்வளவு ரோஜா பூத்துக் கெடக்கு, நின்னு பாக்க ஒரு ஆளு உண்டா? ஞாயித்துக்கிழமைன்னா வர்றதெல்லாம் பொண்ணு பாக்குற கூட்டம்தான். பெஞ்சுக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு, நடுவுல ஒரு பூச்செண்டு. அவன் கைக்கடிகாரத்தப் பாப்பான், அது செருப்பப் பாக்கும். அரை மணி நேரத்துல ஆயுசுக்கும் முடிவு பண்ணிடுவாங்க. ஒரு தர்பூசணி வாங்கவே நாம எத்தன தட்டு தட்டிப் பாக்குறோம்?

மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, அந்த நீரூத்து கிட்ட மஞ்சத் துணி தலையில கட்டியிருக்கால்ல, அது என் பொண்ணுதான். ஸுல்ஹுமோர். இவன் ஆறாவது பையன். தெரியும்க்கா, பையனும் பொண்ணும் மட்டும்தான் வரணும், பெத்தவளுங்க போனப் பாத்துக்கிட்டு வீட்டுலயே கெடக்கணும், அதான் நம்ம வழக்கம். அதனாலதான் மரத்துக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். வழக்கத்துக்கு ஒரு மரியாதை குடுக்கணும்ல.

மொத பையன் என்ன ஐஸ்கிரீம் வாங்கணும்னு அவங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டான். ரெண்டாவது ஆளு தன் கார்ப் பெருமையே பேசிட்டுக் கெளம்பிட்டான். மத்த மூணு பேரும் நல்லாத்தான் பேசினாங்க. அப்புறம் எவளோ அவங்க வீட்டாளுங்க காதுல எதையோ ஓதிட்டா, பேச்சுமூச்சே இல்ல. இவன் தேவலாம் போல. பூச்செண்டக் குடுக்கவே மறந்துட்டு மடியில வச்சிக்கிட்டு பேந்தப் பேந்த முழிக்கிறான் பாருங்க. சிரிங்க, சிரிங்க. சிரிச்சா கன்னத்துல அழகா குழி விழுது உங்களுக்கு. இதே குழிய இன்னைக்கு வேற எங்கயோ பாத்தேன்.

இந்தச் சம்பந்தத்தக் கொண்டு வந்தது என் நாத்தனார் ரோபியா. பொண்ணு பூ மாதிரி, வேணும்னா அக்கம்பக்கத்துல விசாரிச்சுக்குங்கன்னு சொல்லியிருக்கா. பையன் வீட்டாளுங்களும் வந்து விசாரிச்சாங்களே. ரொட்டி சுடுறவன் வரைக்கும் விட்டு வைக்கல. எல்லாரும் தங்கமான பொண்ணுன்னு சொன்னாங்க. நாங்க அந்தத் தெருவுக்குக் குடிவந்தே எட்டு மாசம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்கன்னு கேக்கணும்னு ஒருத்திக்கும் தோணல. என்ன ஒரு விசாரணை.

ஏன்க்கா முகம் இப்படிப் போகுது? இந்தாங்க, தேநீர், சூடா இருக்கு. காத்து வாங்க வந்தவங்களுக்கு இதுல என்ன வந்தது.

சரி, போதும்க்கா. வாசல்ல உங்க பையன் சட்டைக் காலரச் சரி பண்ணிவிட்டுட்டு, யாரோ எவரோன்னு இந்தப் பக்கம் திரும்பினீங்களே, அப்பவே பாத்துட்டேன். ஒளிஞ்சு பாக்கத் தோதான பெஞ்சு இது ஒண்ணுதான். எங்க போயிடப் போறீங்கன்னு முந்தி ஓடி வந்து உக்காந்தேன். இவ்வளவு நேரமா வாய் ஓயாம பேசுறது கொழுப்பெடுத்து இல்ல, பயத்துல.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆச்சு. நாப்பது நாள். கட்டினவன் கைநீட்டினான். நான் போய்க் கையோட கூட்டிட்டு வந்துட்டேன். அம்புட்டுதான் அவ செஞ்ச குத்தம். நிச்சயத்துக்கு ரொட்டி பிட்டு ரெண்டு வீடும் உறுதி பண்ணதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு ரோபியா சொன்னா, நானும் வெக்கமில்லாம சரின்னேன். இவதான் காலையில தலையில துணியக் கட்டிக்கிட்டே, நான் இன்னைக்கு அவர்கிட்ட சொல்லிடுவேன், நீ அவங்க அம்மாகிட்ட சொல்லிடுன்னா.

திட்டுங்க, வாங்கிக்கிறேன். உங்க இடத்துல இருந்தா நான் இதுக்கு மேலயே கேட்டிருப்பேன். ஆனா எழுந்து போயி அவனக் கையப் புடிச்சு இழுக்காதீங்க. அங்க பாருங்க, இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டிருந்தவ நிறுத்திட்டா. துணி நுனிய விரல்ல சுத்துறா பாருங்க. சொல்லிக்கிட்டு இருக்கா.

சொல்லிட்டா.

பூச்செண்ட எடுக்கிறான்க்கா. எடுத்துக்கிட்டுக் கெளம்பத்தான் போல. நான் பாக்கல, நீங்களே பாத்துச் சொல்லுங்க.

குடுத்துட்டானா? அவ கையிலயா?

இன்னும் அங்கயேதான் உக்காந்திருக்கான் உங்க புள்ள. நீங்களும் கொஞ்சம் உக்காருங்க. தேநீர் ஆறுது.