மூணாவது பெஞ்ச்

டிரைவர்: ...அந்தப் பக்கம் உட்காராதீங்க பாஸ்டர், பசை காயல. ஒட்டிக்கிட்டீங்கன்னா பெஞ்சையும் சுமந்துக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.

பாஸ்டர்: நிக்கிறேன் டிரைவர் அண்ணே. ரெண்டு நிமிஷ வேலைதான்.

டிரைவர்: ஞாயித்துக்கிழமையும் இதே ரெண்டு நிமிஷத்தைத்தான் சொல்வீங்க. அதுக்குள்ள ஒரு பிள்ளை பிறந்து, ஞானஸ்நானம் எடுத்து, கல்யாணமும் ஆயிடும்.

பாஸ்டர்: உங்களுக்கு எப்படித் தெரியும்? பத்தாவது நிமிஷமே கண்ணை மூடிடுவீங்களே.

டிரைவர்: பத்தா? யார் சொன்னா? நாலு.

பாஸ்டர்: அதுல பெருமை வேற.

டிரைவர்: ஆலயத்துல நான் உட்கார்ற இந்தப் பெஞ்சுக் கால் எப்படி உடைஞ்சதுன்னு நினைக்கிறீங்க? என் குறட்டைதான். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடிச்சாம், பாடகர் குழுவே சாட்சி.

பாஸ்டர்: எனக்கும் கேட்டுச்சு.

டிரைவர்: என்ன, சிரிக்கவே மாட்டேங்கிறீங்க? கண்ணு வேற சிவந்திருக்கு.

பாஸ்டர்: ஷெட்டு பூரா மரத்தூள். கண்ணுல விழுந்திருக்கும்.

டிரைவர்: சட்டைப் பையில என்ன, வெள்ளையா?

பாஸ்டர்: கவர். நீங்கதானே சபைச் செயலாளர்... இந்தாங்க. இதையும் வச்சுக்குங்க.

டிரைவர்: இது ஆலயத்துச் சாவியாச்சே.

பாஸ்டர்: ஆமா.

டிரைவர்: கையில பசை. வாங்க முடியாது.

பாஸ்டர்: மேசையில வைக்கிறேன்.

டிரைவர்: மேசையிலயும் பசை. இந்தத் தெரு பூரா பசை.

பாஸ்டர்: விளையாடாதீங்க அண்ணே. ராஜினாமாக் கடிதம். இந்த மாசத்தோட போதும்.

டிரைவர்: ...ஏன்?

பாஸ்டர்: நான் வந்தப்போ நூத்திப் பத்து பேர். பதினோரு வருஷம் கழிச்சு, போன ஞாயிறு பத்தொன்பது.

டிரைவர்: என் தலை பெருசு. இருபதுன்னு வச்சுக்குங்க.

பாஸ்டர்: அதுல ரெண்டு பேர் போன் பார்க்கிறாங்க. சனிக்கிழமை பூரா உட்கார்ந்து எழுதி, அடிச்சு, திரும்ப எழுதிட்டு வர்றேன். மேல ஏறி நின்னா முதல்ல கண்ணுல படுறது நீங்க. மூணாவது பெஞ்சுல, வாயைத் திறந்துக்கிட்டு. நான் பேசுறது ஒரே ஒரு ஆளுக்காவது போய்ச் சேருதா, காட்டும் ஆண்டவரேன்னு ஆறு மாசமா ஜெபம் பண்றேன் அண்ணே. பதிலே இல்ல.

டிரைவர்: பைபிள்லயே இருக்கே, படகுல புயல் அடிச்சப்போ ஆண்டவரே தலையணை வச்சுத் தூங்கினாரு.

பாஸ்டர்: அவர் பிரசங்கம் பண்ணிட்டுத் தூங்கினாரு. கேட்கிற நேரத்துல இல்ல.

டிரைவர்: ...அதுவும் சரிதான்.

பாஸ்டர்: சனிக்கிழமை ராத்திரி கொஞ்சம் சீக்கிரம் படுத்தா என்ன?

டிரைவர்: ஒன்பது மணிக்குப் படுத்துடுவேனே.

பாஸ்டர்: அப்புறம்?

டிரைவர்: மின்விசிறிக்கு மூணு றெக்கை. மூணு கோடித் தடவை எண்ணிப் பார்த்துட்டேன், மூணேதான்.

பாஸ்டர்: இதையாவது உண்மையா சொல்லுங்க அண்ணே.

டிரைவர்: உண்மை அவ்வளவு சுவாரசியமா இருக்காது பாஸ்டர்... முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன், பாதி ராத்திரி ஓட்டம். பின்னால நாப்பது பேர் தூங்குவாங்க, நான் மட்டும் தூங்கக் கூடாது. கண்ணு அப்படியே பழகிடுச்சு. வீட்டுக்கு வந்து படுத்தா, என் வீட்டுக்காரி பக்கத்துல உட்கார்ந்து ஜெபம் பண்ணுவா. முணுமுணுன்னு. பிள்ளைங்க பேரு, பஸ் டயரு, எங்க கண்டக்டரோட பல்வலி... ஒண்ணு விடமாட்டா. பல்வலி வர்றதுக்குள்ள நான் தூங்கியிருப்பேன்.

பாஸ்டர்: அவங்களை அடக்கம் பண்ணி...

டிரைவர்: ஒரு வருஷம் ரெண்டு மாசம். டாக்டர் மாத்திரை கொடுத்தாரு. மாத்திரை தூங்கிச்சு, நான் தூங்கல.

பாஸ்டர்: எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

டிரைவர்: ஊரையே கேலி பண்றவன் அழுதா, அதையும் கேலின்னுதானே நினைப்பாங்க.

பாஸ்டர்: நான் நினைக்க மாட்டேன் அண்ணே. சொல்லுங்க.

டிரைவர்: அடக்கம் முடிஞ்ச மறு ஞாயிறு, ஆண்டவர் மேல கோபத்தோடதான் வந்து உட்கார்ந்தேன். நீங்க பேச ஆரம்பிச்சீங்க. என்ன பேசினீங்கன்னு கேட்காதீங்க, தெரியாது. ஒருத்தர் முழிச்சிருந்து எனக்கும் சேர்த்து அவர்கிட்ட பேசிக்கிட்டிருக்காருன்னு மட்டும் தெரிஞ்சுது. கண்ணு தானா மூடிக்கிச்சு.

பாஸ்டர்: நான் என்னவோ, அலுப்புத் தட்டித்தான்னு...

டிரைவர்: வாரத்துல எனக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் பாஸ்டர். வாசல்ல "நல்ல பிரசங்கம்"னு கையைக் குலுக்குவேன்ல? நன்றின்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் அப்படிச் சொல்லிட்டுப் போவேன்.

பாஸ்டர்: ...உடைஞ்சது கால். நீங்க எதுக்கு அண்ணே உப்புத்தாளை வச்சு சாய்மானத்தைத் தேய்க்கிறீங்க?

டிரைவர்: தலை வைக்கிற இடம். கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு.

பாஸ்டர்: அந்தச் சாவியை இப்படித் தள்ளுங்க.

டிரைவர்: ...கவர்?

பாஸ்டர்: நாலா மடிச்சு அந்தக் காலுக்கு அடியில வையுங்க. இன்னும் ஆடுது பாருங்க.

டிரைவர்: அப்போ நேரா வீட்டுக்குப் போய் ஞாயித்துக்கிழமைக்கு எழுத உட்காருவீங்க. கொஞ்சம் நீளமாவே எழுதுங்க.

பாஸ்டர்: நாளைக்கு எழுதுறேன் அண்ணே, இப்போ போய்ப் படுக்கணும். கண்ணு சிவந்தது மரத்தூளால இல்ல... நானும் தூங்கி ஆறு மாசமாச்சு.