அடுப்புச் சாம்பலில் இருந்த அடைக்கோழி

பெயர் இராஜாங்கம். தகப்பனார் பெயர் சாமிக்கண்ணு, காலமாகிவிட்டார். காவிரியில் பெருவெள்ளம் வந்த ஆடியில் பிறந்ததாகத் தாயார் சொல்லக் கேள்வி. அந்தக் கணக்கில் வயது எழுபதுக்கு மேல். தொழில் முன்பு தலையாரி, இப்போது ஒன்றும் இல்லை. விலாசம் மயிலாடுதுறை வட்டம், குமிளங்குடி, கீழத்தெரு. எழுதப் படிக்கத் தெரியாது. நடக்க முடியாததால் கோர்ட்டார் அனுப்பிய ஆணையர் என் வீட்டுக்கே வந்து கேட்க, நான் சொல்லி எழுதிக்கொள்ளப்பட்ட வாக்குமூலம்.

இந்த வழக்கின் வாதி தியாகேசன், எங்கள் ஊர்ப் பண்ணைவீட்டு மகன். பிரதிவாதி அம்சம், செத்துப்போன ராமாயியின் மகள். குடியிருந்த மனைக்கட்டு குடியிருப்பவருக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டதில் ராமாயிக்குக் கிடைத்த மனையில் அம்சம் இப்போது குடியிருக்கிறாள். சட்டம் வருவதற்கு முன்பே ராமாயி குடிபெயர்ந்து போய்விட்டாள், பாழாய்க் கிடந்த குடிசையைப் பிரித்தாயிற்று, பிறகு அவள் திருட்டுத்தனமாகப் புதுக்குடிசை போட்டாள் என்று வாதி தரப்பில் சொல்வதாக எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பிரிக்கப் போன அன்று நான் அங்கே இருந்தேன்.

வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் சேர்த்து மாசியில் ஓட்டுப் போட்டோம்; மூடிக் கிடந்த கள்ளுக்கடையை ஆவணியில் திறந்தார்கள். இரண்டுக்கும் நடுவே வைகாசியில் நடந்தது. மனைச்சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டு, அதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று பல ஊர்களில் குடிசைகளைப் பிரித்துக்கொண்டிருந்த சமயம். ராமாயியின் புருஷன் ரெத்தினம் அறுப்புக்கூலித் தகராறில் பிடிபட்டுத் திருச்சி ஜெயிலில் இருந்தான். அவனைப் பார்க்க ராமாயி கைக்குழந்தை அம்சத்தைத் தூக்கிக்கொண்டு, படலைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

முதல் நாள் இரவு கோடை இடியோடு நல்ல மழை. காலையில் பண்ணைக் காரியஸ்தர் சாரங்கபாணி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். குடிசையில் ஆள் இல்லை என்று பிற்பாடு சொல்வதற்குத் தலையாரி ஒருத்தன் நிற்க வேண்டும் என்றார். நான் போனேன். அதன் பிறகு கூரை பிரிக்க இளையபெருமாளும் இன்னொரு ஆளும் வந்தார்கள். தியாகேசன் அப்போது கும்பகோணத்தில் காலேஜ் படிப்பு முடித்து வந்திருந்தார். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லாததால் அவரும் கூட வந்தார்.

இளையபெருமாள் கூரைமேல் ஏறி, கிழக்குப் பக்கத்துக் கீற்றைக் கட்டு அறுத்துக் கீழே தள்ளினான். உள்ளே வெளிச்சம் விழுந்தது. அதன் பிறகு படலை அவிழ்த்து நாங்கள் உள்ளே போனோம். அடுப்புக்குள் சாம்பல் மேல் ஒரு செவலைப் பெட்டைக்கோழி படுத்திருந்தது.

காரியஸ்தர் சிரித்தார். "பாத்தியா இராஜாங்கம், அடுப்புல கோழி படுத்திருக்கு. உலை வச்சு எத்தனை நாளாச்சோ! எங்கேருந்தோ வந்த களவாணிக் கோழி, பாழுவீடுன்னு தெரிஞ்சு படுத்திருக்கு. நீயே சாட்சி" என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. குடித்தனக்காரி எவளும் அடுப்பில் கோழியை அடைக்கு வைக்க மாட்டாள்.

இளையபெருமாள் மேலிருந்தபடி, "அண்ணே, அதை வெரட்டுங்க, கீத்து விழுந்துடப் போவுது" என்றான். நான் கம்பை நீட்டினேன். கோழி எழுந்திருக்கவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்து முறம் அகலத்துக்கு விரிந்துகொண்டு, தொண்டைக்குள் குர்ரென்று ஒரு சத்தம் போட்டது. எங்கள் வீட்டிலும் கோழி உண்டு. ஆள் நிழல் பட்டால் ஓடுகிற ஜாதி அது. அடை கொண்டுவிட்டால் அதே கோழி வேறு. தீனி மறந்து, கொண்டை வெளுத்து, நெஞ்சுச்சூடு ஏறிப்போய் இருக்கும். மேலே கூரை பிரிந்து தூசியும் ஈர்க்கும் கொட்டுகிறது, கீழே நாலு ஆண்கள் நிற்கிறோம், அதற்குக் கண் மட்டும்தான் அசைந்தது.

அதன் பிறகு யாரும் விரட்டாமலே அது தானாக எழுந்தது. தரை மழையில் ஈரமாகி இருந்தது. மேற்குச் சுவரோரம் ஒரு சின்னக் குழி இருந்ததை அப்போதுதான் கவனித்தோம். குழியில் மணலும் உமியும் போட்டிருந்தது. சுவர்க்கால் வழியே தண்ணீர் கசிந்து பாதிக்கு மேல் நனைந்து கிடந்தது. கோழி குழிக்குப் போய், அதில் மிச்சம் இருந்த ஒரு முட்டைக்கு அந்தப் பக்கம் அலகை வளைத்துக் கொடுத்து, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே அணைத்து, பின்னோக்கி நடந்து இழுத்தது. முட்டை உருண்டது. ஒரு மேட்டில் நின்று ஒருபக்கமாக ஓடப் பார்த்தது. கோழி சுற்றி வந்து தடுத்து மறுபடி அணைத்தது. குழியிலிருந்து அடுப்பு வரைக்கும் ஈரத்தரையில் விரலால் இழுத்ததுபோல் கோடு கோடாக இருந்ததை நான் பார்த்தேன். ராத்திரி மழையில் ஒவ்வொன்றாக இப்படித்தான் கொண்டுபோயிருக்கிறது. அந்த வீட்டில் நனையாத இடம் அடுப்புச் சாம்பல் ஒன்றுதான். அது அதற்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இளையபெருமாள் கூரையிலிருந்து இறங்கி வந்து நின்றான். முட்டை அடுப்பு வாயைத் தாண்டி உள்ளே போகும்வரை காரியஸ்தர்கூட வெற்றிலையை மெல்லவில்லை.

அதன் பிறகு நான் குழியில் கைவிட்டுப் பார்த்தேன். மணலுக்கு அடியில் உடைந்த அரிவாள் துண்டும், அடுப்புக்கரியும், காய்ந்த மிளகாயும் இருந்தன. இடிக்கு முட்டை கூழாகாமல் இருக்க எங்கள் பக்கத்துப் பெண்டுகள் அடை வைக்கும்போது போடுவது அது. குழிக்குப் பக்கத்தில் சட்டியில் தண்ணீரும் கொட்டாங்கச்சியில் நொய்யும் இருந்தன. நான் எடுத்துக் காட்டினேன்.

காரியஸ்தர், "இரும்பு எந்த வூட்லதான் கெடக்காது? அது தானா வந்து படுத்த கோழிதான்" என்றார்.

தியாகேசன் குனிந்து கோழிக்கு அடியில் கையை விட்டார். கோழி மணிக்கட்டில் கொத்திய இடத்தில் ரத்தம் வந்தது. அவர் கையை இழுக்காமல் ஒரு முட்டையை எடுத்தார். அதில் கரியால் கோடு போட்டிருந்தது. அடை வைத்த முட்டையோடு பிறகு வேறு கோழி வந்து இட்டது கலந்தால் பிரித்து எடுக்க வேண்டும் என்பதற்காகப் போடும் அடையாளம்.

இளையபெருமாள், "ஏங்க, களவாணிக் கோழி கரித்துண்டெடுத்துக் கோடுமா போடும்? பள்ளிக்கூடத்துல படிச்ச கோழிங்களா?" என்றான். கூட வந்த ஆள் சிரித்துவிட்டான். காரியஸ்தர், "வாயை மூட்றா, ஏறிப் பிரி" என்றார். "அடையிருக்கிற வூட்டுல கூரையைத் தொட மாட்டேங்க. எம் பொண்டாட்டி மாசமா இருக்கா. நீங்க வேணா ஏறுங்க, ஏணியை நான் புடிச்சுக்கிறேன்" என்றான் அவன்.

தியாகேசன் இதைக் காதில் வாங்கவில்லை. பிரிந்த கூரை வழியே விழுந்த வெயிலில் முட்டையைத் தூக்கிப் பிடித்து, மறு கையைக் குவித்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அசையுது" என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே கறுப்பாக ஒன்று துடித்ததை நானும் பார்த்தேன். அதன் பிறகு அவர் கையாலேயே முட்டையைக் கோழிக்கு அடியில் வைத்தார். இந்தத் தடவை கோழி கொத்தவில்லை.

"சின்னய்யா, அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று காரியஸ்தர் கேட்டார்.

"வீட்ல ஆளிருக்குன்னு சொல்லுங்க. கீத்தைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்க" என்றார் தியாகேசன்.

இளையபெருமாள் கட்டினான். நான் கீழிருந்து கீற்று எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரமே ராமாயி திரும்பி வந்தாள். வந்தவள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "எந்தப் பய என் கூரையில கை வச்சது? இது என் வூட்டுக்காரன் போட்ட முடிச்சு இல்லியே" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டாள். குஞ்சுகள் பொரிந்தன, எத்தனை என்று நான் எண்ணவில்லை. கடைசிக் குஞ்சு வெளியே வரும்வரை அவள் அந்த அடுப்பை மூட்டாமல், வாசலில் மூன்று கல் வைத்துச் சமைத்தாள். சட்டம் வந்து மனை அளக்க வந்தபோதும் அதே குடிசை, அதே கூரை. அன்று அவிழ்த்துக் கட்டிய கீற்றைத் தவிர அது ஒரு நாளும் பிரிக்கப்படவில்லை, பாழாயும் கிடக்கவில்லை.

எழுதியதை ஆணையர் வாசிக்கக் கேட்டேன். என் வாயிலிருந்து வந்ததே எழுதப்பட்டிருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

ரேகை வைக்கும் முன், இதைப் பார்த்த வேறு சாட்சி உண்டா என்று ஆணையர் கேட்டதற்குச் சொன்னது: காரியஸ்தர் சாரங்கபாணி செத்துவிட்டார். இளையபெருமாளும் கூட வந்த ஆளும் இல்லை. ராமாயி போன தை மாதம் போய்விட்டாள். அன்று அந்த அடுப்புக்கு முன்னால் நின்றவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது ஒருவர்தான். அவர் தியாகேசன்.