கீழே வந்து உட்கார்ந்த மேயர்

மேடையை அலங்கரிக்கும் கூட்டத் தலைவர் அவர்களே, நாளை முதல் மேயர் பொறுப்பை ஏற்கவிருக்கும் துணை மேயர் அவர்களே, முன்வரிசையில் அழுது அழுது ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கும், மறைந்த நம் மேயரின் துணைவியாரே, அவருடைய மகனே, மாமன்ற உறுப்பினர்களே, கடைசி வரிசைக்கும் பின்னால் வேலை உடுப்போடு நின்றுகொண்டிருக்கும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களே! நாற்காலி காலியாகத்தானே கிடக்கிறது, உட்காருங்கள் அம்மா. அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அருமையாகப் பேசினார்கள். ஏழைகளின் காவலர் என்றார்கள். முற்போக்கின் முகவரி என்றார்கள். ஒருவர் அவரைச் சூரியன் என்றே சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்படியெல்லாம் பேசத் தெம்பில்லை. தொழிலாளர் வழக்குகளில் வாதாடியே தொண்டை தேய்ந்துபோனவள் நான். இன்று காலை வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய துணைவியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் சிலை வைக்கிறதப் பத்தியே பேசுறாங்கக்கா. நீங்களாவது மனுஷனப் பத்திப் பேசுங்க" என்றார். அதற்காகத்தான் மேடை ஏறினேன்.

மாமன்றத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. ஊரே அவரை அண்ணன் என்றது. அவர் என்னை அக்கா என்றார். கூட்டம் நீண்டு எனக்குக் கண் சொருகினால், மேசைக்கு அடியில் காலால் தட்டி எழுப்புவார். இனி யார் எழுப்புவார்கள்? அந்த மனிதர் மேல் எனக்கு அத்தனை பாசம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

அவர் என்ன செய்யவில்லை? மாநகராட்சிக் கட்டிடத்தில் துப்புரவு செய்கிறவர்கள் முன்படியில் ஏறக்கூடாது என்று ஓர் ஏற்பாடு இருந்தது. குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே ஒரு குறுகலான இரும்புப் படி, அதுதான் அவர்களுக்கு. பதவியேற்ற அன்று மாலையும் கழுத்துமாக வந்தவர், நேரே அந்த இரும்புப் படியில் ஏறினார்! பின்னாலேயே அதிகாரிகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள். மறுநாள் அந்த ஏற்பாடு ஒழிந்தது. தோல் பதனிடும் தெருவுக்குக் குழாய் போட்டது யார்? வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி கட்டியது யார்? அவர்தான். இதையெல்லாம் எவர் மறுக்க முடியும்? நான் மறுக்கவில்லை.

ஆனால் மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறதே!

நம் மாநகராட்சி மருத்துவமனையைச் சுத்தம் செய்கிறவர்கள் மாநகராட்சியின் ஊழியர்கள் இல்லை. ஓர் ஒப்பந்தக்காரரின் கூலிகள். ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அவர்களை நிரந்தரமாக்குவேன் என்பதுதான் நம் மேயரின் முதல் தேர்தல் வாக்குறுதி. வெளியூர் மாநாடுகளிலும் அதைச் சொல்லித்தான் கைதட்டல் வாங்கினார்.

முதல் ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் மாநகராட்சி வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அறுவை சிகிச்சை அறையைக் கழுவுகிற, எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிற அந்த அம்மாதான் தலைமை. நாங்கள் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது மேயரைக் காணோம். எங்கே என்று தேடினால், அவர் கீழே போய்ச் சாக்கு விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! "நிர்வாகமே, பதில் சொல்!" என்று பெண்கள் முழங்குகிறார்கள். இவரும் கையை உயர்த்தி, "நிர்வாகமே, பதில் சொல்!" என்கிறார். சுகாதார அதிகாரி என்னைப் பார்த்து, "மேடம், இப்ப யாரு பதில் சொல்றது?" என்று பரிதாபமாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று சிரிக்கத்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பெண்கள் எழுந்துவிட்டார்கள். மேயரே நம்மோடு வந்து உட்கார்ந்துவிட்டார், அவரை வெயிலில் காய விடலாமா என்று பதறிப்போய், பேனரைச் சுருட்டிக்கொண்டு கலைந்துவிட்டார்கள். அவரும் கண் கலங்கி மாடிக்கு வந்தார். அந்த வாரமே அதே ஒப்பந்தக்காரருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்தும் போட்டார்.

இதுவே வழக்கமாகிவிட்டது. அவர்கள் உட்காருவார்கள், இவர் இறங்கிப் போவார், அவர்கள் எழுந்துவிடுவார்கள், கையெழுத்து ஆகிவிடும். ஒரு கட்டத்தில் போராட்டத்தைத் தொடங்கி வைக்கவே அவரை அழைக்க ஆரம்பித்தார்கள். எந்த ஊரிலாவது இப்படி உண்டா? மாமன்றத்தில் பெரும்பான்மை நம்மிடம். அவர்களை நிரந்தரமாக்கும் தீர்மானத்தை முன்வைக்க வேண்டியவர் மேயர். வைத்தால் நிறைவேறிவிடும். நானும் ஒவ்வோர் ஆண்டும் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் அக்கா என்பார்.

ஒரு நாள் காரில் போகும்போது விடாமல் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் அவங்க பக்கம்தான்னு அவங்களுக்கே தெரியுமேக்கா. அது போதாதா?" என்றார்.

"அவங்களுக்குத் தெரிஞ்சு என்னப்பா பிரயோஜனம்? ஒப்பந்தக்காரனுக்குத் தெரியணுமில்ல" என்றேன்.

வீடு வந்ததும் எனக்குக் கார் கதவைத் திறந்துவிட்டு, "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்க்கா" என்றார்.

அவர் நடித்தாரா? இல்லை. வீட்டார் முன்னிலையில் சொல்கிறேன், அந்தக் கண்ணீர் நிஜம். கூட உட்காருவதே வேலை, அதோடு வேலை முடிந்தது என்று அவர் மனதார நம்பினார். நாமும் கைதட்டிக் கைதட்டி அதை நம்ப வைத்தோம். அவருக்கு முற்போக்காளர் என்ற பெயரும் மிச்சம், ஒப்பந்தக்காரருக்கு ஒப்பந்தமும் மிச்சம். இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது.

ஏன் இன்றைக்கே சொல்கிறேன்? நாளைக் காலை மாமன்றம் கூடுகிறது. ஒப்பந்தம் மறுபடியும் வருகிறது. பெரியக்காவுக்கு ஓய்வு பெறும் வயதாகிவிட்டது, இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. அதற்குள் நிரந்தரம் ஆகாவிட்டால், சேர்ந்த அன்று எப்படிக் கூலியாக உள்ளே வந்தாரோ அப்படியே கூலியாக வெளியே போவார். ஓய்வூதியம் கிடையாது. ஆயுசு முழுக்கக் கழுவிய அந்த மருத்துவமனையில், ஊழியர் என்ற முறையில் ஒரு படுக்கைகூடக் கிடைக்காது.

நாளைக்கு அந்தப் பெண்கள் வாசலில் உட்காருவதாக இருந்தார்கள். சற்று முன் பெரியக்கா என்னிடம் வந்து, "மேயர் ஐயாவே போயிட்டாரு. இந்த நேரத்துல போராட்டம் பண்ணா மரியாதையா இருக்காதும்மா. விட்டுடுறோம்" என்றார். துணை மேயரும் இதே மேடையில், அண்ணன் வழியில் நானும் உங்களோடு வந்து உட்காருவேன் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினீர்கள். எனக்குக் கை எழவில்லை.

துணை மேயர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கீழே வர வேண்டாம். உங்களுக்குச் சாக்கு விரிப்பு வேண்டாம். மேலேயே, அந்த நாற்காலியிலேயே இருங்கள். தீர்மானத்தை முன்வையுங்கள். என்னுடைய கை முதலில் உயரும். அவருக்கு நீங்கள் வைக்கிற சிலைக்கு அதன் பிறகு நானே மாலை போடுகிறேன்.

கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். மறைந்தவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று சூளுரைப்பது இப்படிப்பட்ட கூட்டங்களின் முறை. தொடருவோம் என்று சொல்ல என்னால் ஆகவில்லை. அவர் தொடங்காமலே போன ஒன்று இருக்கிறது, அதைத் தொடங்குவோம் என்று வேண்டுமானால் உறுதி கூறுகிறேன்.

பெரியக்கா, போராட்டத்தை விடாதீர்கள். மாமன்றம் கூடுவதற்கு முன்பே வந்து உட்காருங்கள். யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் வந்து கண் கலங்கினாலும், தீர்மானம் நிறைவேறியது என்ற சேதி வரும்வரை எழுந்திருக்காதீர்கள். நானும் வருகிறேன். வாக்களிக்கக் கூப்பிடும்வரை உங்களோடுதான் இருப்பேன். வயதான உடம்பு, தரையில் உட்கார்ந்தால் தானாக எழ முடியாது; மாடிக்குப் போக நான்கு பேர் என்னைத் தூக்கி விட வேண்டியிருக்கும். தீர்மானம் தோற்றால் திரும்பி வந்து மறுபடி உட்காருவேன். அதற்குப் பிறகு என்னை யாரும் தூக்கி விட வேண்டாம்.